பைலட் வீட்டு சர்வர்

அவருக்குப் பைலட் என்று யார் பெயர் வைத்தது என்று தெரியவில்லை. விமானத்தில் அவர் ஏறியது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அப்போதும் இறங்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை என்று அவர் மனைவி சொல்வார். பெயருக்குக் காரணம் அவர் மேஜைக்கு அடியில் கிடந்த பெட்டி. அதன் பொத்தானை அமுக்கினால் முதல் ஒரு நிமிடம், ஓடுபாதையில் விமானம் வேகமெடுக்கிற மாதிரி ஓர் இரைச்சல் எழும். அதை முதன்முதலாகக் கேட்ட அன்று எதிர் வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தார்களாம்.

பெட்டி என்று சொன்னால் சின்னதாகத் தோன்றும். அது ஒரு சர்வர். பெரிய கம்பெனிகளில் குளிரூட்டிய கூடங்களுக்குள், ஆள் உயர இரும்புச் சட்டங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி வைத்திருப்பார்களே, அந்த வகை. உயரம் ஒரு சாண்கூட இருக்காது. நீளமோ மேஜையைத் தாண்டிப் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால்தான் நகரும். யாரும் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்வதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதைச் செய்தவர்கள் அதன் அருகில் மனிதக் காது ஒன்று இருக்கும் என்று நினைத்தே பார்க்கவில்லை.

பைலட் அப்படிப்பட்ட கூடம் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார். பெரிய வேலை என்று சொல்ல முடியாது. வரிசை வரிசையாக நடந்து போய், எந்தப் பெட்டியில் ஆரஞ்சு விளக்கு எரிகிறதோ அதில் செத்துப்போன டிஸ்க்கை உருவி, புதியதைச் செருகுவார். சுற்றாத விசிறியை மாற்றுவார். ஒரு விசிறியின் மேல் உள்ளங்கையை வைத்தே அது இன்னும் எத்தனை வாரம் தாங்கும் என்று சொல்லிவிடுவார். அந்தக் கூடத்தில் ஒரே ஒரு விதிதான்: ஓடுகிற எதையும் நிறுத்தக்கூடாது. விசிறியை மாற்றுவதும் டிஸ்க்கை மாற்றுவதும் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்க வேண்டும். நிறுத்திச் சரிபார்ப்பவனைக் கத்துக்குட்டி என்பார்கள்.

ஒருநாள் கம்பெனி தன் கணினிகளையெல்லாம் ஒழித்துக்கட்டி, வேறொருவருடைய கணினிகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டது. பெட்டிகள் போயின, பெட்டிகளோடு பைலட்டும் போனார். போகிறவர்கள் கழித்துக்கட்டியவற்றில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மற்றவர்கள் நாற்காலி எடுத்தார்கள், திரை எடுத்தார்கள். இவர் சர்வரை எடுத்தார்.

"யானையைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க," என்றார் மனைவி, வாசலை அடைத்துக்கொண்டு நின்ற பெட்டியைப் பார்த்து. அவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்தார்; எதையும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்கிற பழக்கம். "கட்டித் தீனி போடுறது யாரு?"

"அதுவே நமக்குப் போடும்."

அந்தச் சொல் பொய்க்கவில்லை. அந்த ஒரு பெட்டிக்குள் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களைக் குடிவைக்கலாம். ஒன்றுக்கொன்று தெரியாமல் அவை தனித்தனியே ஓடும். ஊரிலுள்ள ஆறு சின்ன மருத்துவமனைகள் தங்கள் கணினிகளின் நகலை இவரிடம் கொடுத்துவைத்தன. புதிதாக எந்த மென்பொருள் வந்தாலும் அதை முதலில் நகலில் போட்டுப் பார்ப்பார். நகல் படுத்துவிட்டால் "போடாதீங்க" என்று சொல்லுவார். நிமிர்ந்து நின்றால் "போடுங்க" என்பார். ஐம்பத்துமூன்று வயதில் இன்னொரு கம்பெனி வாசலில் போய் நிற்காமல் தப்பித்தது இப்படித்தான். பன்னிரண்டில் மீதியிருந்த ஒன்றை வீட்டுக் கம்ப்யூட்டராக வைத்துக்கொண்டார். கடிதம் எழுதுவது, கரண்ட் பில் கட்டுவது, மனைவி தொடர் பார்ப்பது எல்லாம் அதில்தான்.

வசதி என்று சொல்ல முடியாது. அந்தப் பெட்டிக்குப் பாட்டுப் பாடத் தெரியாது. அதற்குத் தனியாக ஒரு சின்ன ஒலிக் கருவி வாங்கிச் செருகினார். திரைக்காகக் கடையில் வாங்கிப் போட்ட கார்டை அது தன் இனமாக ஏற்றுக்கொள்ளாமல், உள்ளே அன்னியன் புகுந்துவிட்டான் என்று எல்லா விசிறிகளையும் முழு வேகத்தில் சுற்ற ஆரம்பித்தது. அதைச் சமாதானப்படுத்த ஒரு வாரம் பிடித்தது. பிறகு விசிறிகளில் ஒன்றைக் கழற்றிவிட்டுச் சத்தம் குறைந்த விசிறி ஒன்றைப் போட்டார். புது விசிறி மெதுவாகச் சுற்றுவதைப் பார்த்துப் பயந்து, பழைய ஐந்தும் இரட்டிப்பாகக் கத்தின. ஒருவன் லீவு போட்டால் மற்றவர்கள் மேனேஜரிடம் போய்க் கத்துவார்களே, அந்த மாதிரி. இன்னொரு நாள் சூடு போகட்டும் என்று மூடியைத் திறந்து வைத்தார். மூடி இருந்தால்தான் காற்று ஒழுங்காக ஓடும், திறந்தால் சூடு கூடும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் இருக்கும்போது மனுஷன் வேலையிடத்து அறிவைச் சட்டையோடு கழற்றி மாட்டிவிடுகிறான் போலிருக்கிறது.

கடைசியில் ஒருவழியாக அது அடங்கியது. ரப்பர் துண்டுகளின் மேல் உட்கார்ந்து, மேஜை விசிறி அளவுக்கு ஒரு மெல்லிய ஓசையோடு ஓடியது. மதியம் மருத்துவமனைகள் மூடியிருக்கும் ஒன்றிலிருந்து மூன்றுவரை சோதனைகளை ஓட்டுவார். அப்போது மட்டும் கொஞ்சம் குரல் உயரும். அடங்கியபின் ஒருமுறைகூட அவர் அதை அணைக்கவில்லை. எத்தனை நாள் நிற்காமல் ஓடியது என்பதைத் திரையின் ஓரத்தில் ஓர் எண் காட்டிக்கொண்டிருந்தது. முன்னூறைத் தாண்டிய அன்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நம்ம கல்யாண நாள்கூட உங்களுக்கு ஞாபகம் இருக்காது," என்றார் அவர்.

இந்தச் சமயத்தில்தான் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்தார். பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். விடியுமுன்னே வேலைக்குப் போய், மதியம் திரும்பி வந்து, சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். அவருடைய இரவு நம்முடைய மதியம்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. மத்தியானம் உங்க மெஷினு சுவத்துக்குள்ள ஏறி உட்கார்ந்துக்கிட்டு ஊளையிடுது. கண்ணு மூட முடியல."

பைலட்டுக்குக் காது வரை சிவந்துவிட்டது. மதியம் சத்தம் கூடுவது உண்மை. அவருடைய பெட்டி நேர் மேலே இருப்பது உண்மை. "பார்க்கிறேன் தம்பி," என்றார்.

பார்த்தார். ரப்பருக்கு அடியில் மரப்பலகை வைத்தார். பலகைக்கு அடியில் பழைய மெத்தையை மடித்து வைத்தார். பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தி, அறையின் நடுவில் கொண்டுவந்து போட்டார். அதற்குப் பிறகு சாப்பாட்டு மேஜைக்குப் போகிறவர்கள் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் பத்து நாள் கழித்துப் பேக்கரிக்காரர் வருவார். ஒவ்வொரு தடவையும் அண்ணே என்ற சொல் கொஞ்சம் தாமதமாக வந்தது.

"ஒருதடவை அணைச்சுத்தான் பாருங்களேன்," என்றார் மனைவி. "இதுதானா இல்லையான்னு தெரிஞ்சுடும்ல?"

"ஓடுற சர்வரை அணைக்கிறதா? சந்தேகத்துக்காகவா?" அவர் முகத்தில் தெரிந்தது கோபம் அல்ல, அருவருப்பு. "அதெல்லாம் கத்துக்குட்டிங்க செய்றது."

ஒரு மனிதன் தன் தொழிலில் கற்றுக்கொண்ட மிக நல்ல பழக்கம்தான் அவன் கண்ணை மறைக்கிறது. கெட்ட பழக்கத்துக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. கீழே போய் அந்தச் சத்தத்தைத் தானே ஒருமுறை கேட்கலாம் என்றும் அவருக்குத் தோன்றவில்லை. குற்றம் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டவர் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் போவார்?

மூன்று மாதம் கழித்து விஷயம் குடியிருப்பின் செக்ரட்டரியிடம் போனது. அவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். எதையும் மூன்று பிரதி எடுப்பவர். படிக்கட்டுக்கு அடியிலிருந்த சின்ன அறையில் கூட்டம் போட்டார்.

"இது குடியிருக்கிற இடம், சார். தொழிற்சாலை இல்ல. மாசக் கடைசிக்குள்ள அந்த மெஷின் வெளியே போகணும். இல்லேன்னா..." என்று ஒரு காகிதத்தை நீட்டினார். இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது.

"சார், அதுதான் என் பொழைப்பு."

"அவரு தூக்கம் அவரு பொழைப்பு இல்லையா?"

சரியான கேள்விகளைச் சில சமயம் சரியில்லாத ஆட்கள் கேட்டுவிடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து இருவரும் கணக்குப் போட்டார்கள். வேறு இடத்தில் ஒரு அறை பிடிப்பது முடியாத காரியம். பெட்டியை விற்றுவிட்டு அதே வேலையைச் செய்யும் சத்தமில்லாத கம்ப்யூட்டர் வாங்குவது அதைவிட முடியாதது. பெட்டி போனால் ஆறு மருத்துவமனைகளும் போகும். மனைவியின் சம்பளத்தில் வாடகை கொடுத்தபின் என்ன மிஞ்சும் என்பதை இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. மாசக் கடைசி வரை இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அதற்குள் ஏதாவது செய்யலாம், பேசலாம், வாதாடலாம் என்று பைலட் நினைத்தார்.

வாதாட அவசியமில்லாமல் போனது. மறுநாள் காலை பதினொன்றரைக்குப் படிக்கட்டில் பேக்கரிக்காரர் எதிரே வந்தார். வலது கையில் முழங்கைவரை வெள்ளைக் கட்டு.

"என்னாச்சு தம்பி?"

"தட்டு வழுக்கிடுச்சு." அவர் பைலட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "நின்னுக்கிட்டே ஒரு நொடி தூங்கிட்டேன் போல. அடுப்புக் கதவு மேல கை பட்டுடுச்சு. பரவாயில்ல."

அந்தப் 'பரவாயில்ல'தான் பைலட்டைக் கொன்றது. திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பார்.

மேலே போனார். மருத்துவமனைகளுக்கு ஒரே மாதிரி ஆறு செய்தி அனுப்பினார்: இந்த வாரம் சோதனை கிடையாது, மறு தகவல் வரும்வரை எதையும் போட வேண்டாம். பிறகு பன்னிரண்டு கம்ப்யூட்டர்களையும் ஒவ்வொன்றாக உறங்க வைத்தார். ஓரத்தில் இருந்த எண் நானூற்றுப் பன்னிரண்டு. கடைசிக் கட்டளையைத் தட்டும்போது மணி சரியாகப் பன்னிரண்டு. விசிறிகள் ஒரு பெருமூச்சு விட்டு நின்றன. பின்பக்கத்து இரண்டு வயர்களையும் பிடுங்கி, ஒன்றாகச் சுருட்டி மேஜைமேல் வைத்தார்.

அன்று கண்ணாடிக் கடைக்கு விடுமுறை. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். இரண்டு டம்ளர் தேநீரோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அவரு கையில கட்டுப் போட்டிருக்காரு," என்றார் பைலட்.

"ம்."

"யாருக்காவது உதிரியா வித்துடலாம். டிஸ்க்கை மட்டும் கழட்டிட்டு."

"ம். டீ ஆறுது."

வீடு அமைதியாக இருந்தது. ஆனால் அந்த அமைதியில் எங்கோ ஒரு நூல் இழுபட்டுக்கொண்டிருந்தது. ஒன்றேகாலுக்குப் பிறகு அது இருக்கிறது என்று தெரிந்தது. கவனித்தால் இல்லை, கவனிக்காவிட்டால் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் அந்தக் கூடத்தில் நின்ற காது, தானாகவே இரைச்சலை இட்டுக்கட்டிக்கொள்கிறது என்று பைலட் நினைத்தார்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கதவு அதிர்ந்தது.

தாழிடாத கதவு பாதி திறந்தது; பேக்கரிக்காரர் நின்றார். கண் சிவந்திருந்தது. இந்தத் தடவை அண்ணே வரவேயில்லை.

"உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா? கையைக் காட்டிட்டுத்தானே போனேன்? இன்னைக்கு ஒருநாளாவது நிறுத்தித் தொலைக்கக்கூடாதா?"

பைலட் எழுந்திருக்கக்கூட இல்லை. "நிறுத்திட்டேன் தம்பி."

"என்ன நிறுத்தினீங்க? இப்பவும் கேக்குதே!"

"பன்னெண்டு மணிக்கே நிறுத்திட்டேன்."

"யாருகிட்ட காது குத்துறீங்க?"

மனைவி எழுந்தார். கதவை விரியத் திறந்தார். "உள்ள வாங்க தம்பி. வந்து தொட்டுப் பாருங்க. வயரு அந்தா மேஜை மேல இருக்கு."

பேக்கரிக்காரர் உள்ளே வந்தார். அறை நடுவில், மெத்தையின் மேல், பிணம் மாதிரி கிடந்த பெட்டியைப் பார்த்தார். கட்டில்லாத கையை அதன் மேல் வைத்தார். சில்லென்று இருந்திருக்க வேண்டும். கையை எடுத்துத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"அப்போ..." என்றார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அப்போ அது எது?" என்றார் பைலட். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவர் குரலில் வேலைக்காரன் ஒருவன் எட்டிப் பார்த்தான். "வாங்க, கீழ போய்க் கேப்போம்."

பேக்கரிக்காரரின் படுக்கையறையில் கால் வைத்த நொடியிலேயே பைலட்டுக்குத் தெரிந்துவிட்டது. விசிறி காற்றைக் கிழிக்கும்; இது காற்றைத் தொடவேயில்லை. சுவருக்குள்ளிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுகிற மாதிரி ஒரு சத்தம். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் காதை வைத்தார். பிறகு உள்ளங்கையை வைத்தார்.

"இதுக்குப் பின்னாடி என்ன ஓடுது?"

"தண்ணிக் குழாய். கீழ பம்ப்பிலேருந்து மாடித் தொட்டிக்குப் போறது."

"பம்ப் எப்ப ஓடும்?"

"தொட்டி காலியானா தானா ஓடும்... எல்லாரும் சமைச்சு, பாத்திரம் கழுவி முடிச்சதும்..." அவர் சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். "மத்தியானம்."

பம்ப் அறைச் சாவி செக்ரட்டரியிடம் இருந்தது. அவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டியிருந்த கைலியோடு வந்தார்.

"பம்ப்பா? இருக்கவே இருக்காது. ரெண்டு வருஷம் முன்னாடி போட்டது, ரசீது இருக்கு. மூணு காப்பி."

"ரசீது சத்தம் போடல சார், கதவைத் திறங்க," என்றார் மனைவி.

திறந்தார். பம்ப் நடுங்கிக்கொண்டிருந்தது. பைலட் குனிந்து, டாக்டர் நெற்றியில் கை வைக்கிற மாதிரி, மோட்டாரின் கழுத்தில் உள்ளங்கையை வைத்தார். சூட்டில் உடனே எடுத்துவிட்டார். ஆனால் அவ்வளவு நேரம் போதும்.

"பேரிங் போச்சு. உள்ள உருளையெல்லாம் தேஞ்சு ஆடுது. ஒரு வாரம் தாங்குனா பெரிசு." பிறகு செக்ரட்டரியைப் பார்த்து, "அணைக்கலாமா?" என்று கேட்டார். அணைத்துப் பார்ப்பதற்கு அன்று அவர் இரண்டாவது தடவையாகத் துணிந்திருந்தார்.

செக்ரட்டரி விசையை இறக்கினார். சத்தம் ஒரு முறை இழுத்து, நின்றது.

முதல் மாடி ஜன்னலில் பேக்கரிக்காரரின் மனைவி தலையை நீட்டினார். "ஏங்க! நின்னுடுச்சு!" என்று கத்தினார். அந்தக் கத்தலில் கட்டிடமே கொஞ்சம் தளர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பைலட் பம்ப் அறைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூன்று மாதமாகத் தோளில் இருந்தது எவ்வளவு கனம் என்பது இறங்கியபிறகுதான் தெரிந்தது. மனைவி பக்கத்தில் வந்து நின்றார். நான் அப்பவே சொன்னேன் என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. சொல்லவில்லை. அவர் செய்த நல்ல காரியங்களில் இது முக்கியமானது என்று நினைக்கிறேன்.

"இருந்தாலும் அண்ணே," என்றார் பேக்கரிக்காரர், தலையைச் சொறிந்துகொண்டு, "உங்க மெஷினும் சத்தம் போடத்தான் செய்யுது."

"போடுது தம்பி. இல்லேன்னு சொல்லல."

"இல்ல, சும்மா சொன்னேன்."

மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. செக்ரட்டரி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த, வீட்டைக் காலி செய்யச் சொன்ன காகிதத்தின் பிரதியை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டினார்: பம்ப் பழுது காரணமாக இரண்டு நாள் தண்ணீர் வராது, ஒத்துழைக்கவும். யாரோடு, எதில் ஒத்துழைப்பது என்று விளக்கம் இல்லை. இரண்டு நாளும் எல்லாரும் குடத்திலும் வாளியிலும் தண்ணீர் தூக்கினார்கள். பேக்கரிக்காரர் வீட்டுக்கு, அவர் கை ஆறாததால், பைலட் தூக்கினார். பம்ப் மெக்கானிக் வந்து கழற்றியபோது பேரிங் உருளைகள் தரையில் சிதறி ஓடின. "இன்னும் நாலு நாள் விட்டிருந்தா மோட்டாரே எரிஞ்சிருக்கும்," என்றார் அவர். "யாரு கண்டுபிடிச்சது?" செக்ரட்டரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கமிட்டிதான்," என்றார்.

மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. பைலட் மருத்துவமனைகளுக்குச் செய்தி அனுப்பினார். பெட்டியை மறுபடி சுவரோரம் தள்ளி, வயர்களைச் செருகி, காலை பத்து மணிக்கு, எல்லாரும் விழித்திருக்கும் நேரமாகப் பார்த்துப் பொத்தானை அமுக்கினார். மூன்று நாள் சோதனை பாக்கி இருந்தது. ஒரு மணிக்கு ஆரம்பித்தார்.

ஆரம்பித்தாரே தவிர, கண் திரையில் இல்லை, கதவில் இருந்தது. இரண்டு ஆனது. இரண்டேகால். படிக்கட்டில் யாரோ ஏறும் சத்தம் கேட்டு எழுந்து நின்றார். அது மூன்றாம் மாடிக்குப் போனது. அரைநாள் வேலை முடித்து வந்திருந்த மனைவி செருப்பைக் கழற்றிக்கொண்டே, "உட்காருங்க. வந்தா வரட்டும்," என்றார். மூன்றாகியும் யாரும் வரவில்லை. சோதனைகள் முடிந்தன, ஐந்து மருத்துவமனைக்குப் போடலாம், ஒன்றுக்கு வேண்டாம்.

நாலு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மெதுவாகத்தான்.

பேக்கரிக்காரர் நின்றிருந்தார். ஒரு கன்னம் முழுக்கத் தலையணை மடிப்பின் கோடு. முடி ஒரு பக்கமாக நிமிர்ந்து நின்றது. சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார். கையில் வேலைக்குப் போகிற பை.

"அண்ணே," என்றார், குரல் இன்னும் தூக்கத்துக்குள்ளேயே இருந்தது. "வீட்ல யாரையும் காணோம். மணி என்ன? பேக்கரிக்கு நேரமாயிடுச்சா? இது இன்னைக்கா, நாளைக்கா?"

பைலட் வாயைத் திறந்தார். அதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது.

"இன்னைக்குத்தான் தம்பி," என்றார் மனைவி. "சாயங்காலம் நாலு மணி. உங்க வீட்டம்மா கடைக்குப் போயிருப்பாங்க. இன்னும் நிறைய நேரம் இருக்கு."

அவர் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். நல்ல செய்திதான் என்று புரிந்தது போல முகம் மெல்ல அவிழ்ந்தது. "அப்போ சரி," என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவி, மறுபடி தூங்குவதற்குக் கீழே இறங்கிப் போனார்.